மினுங்கிய நாரும் மெதுவான பாட்டும்

போன வாரம் உங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, உடைந்த ஒரு துண்டை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேர் வாதாடிக்கொண்டிருந்தீர்கள். நார் ரெசினோடு ஒட்டவில்லை. ஒருவர் ரெசின் மட்டம் என்றார். ஒருவர் மழை ஈரம் என்றார். மூன்றாமவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, கலக்குகிற ஆளின் கை சரியில்லை என்றார். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். இருந்திருந்தால் அந்த மூன்றாவது ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் தாளில் எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறேன். நாருக்கும் ரெசினுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்ற வேதியியல் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப்போவது என் மடத்தனத்தைப் பற்றி மட்டும்தான்.

சுனாமி வந்துபோன இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, ஓர் அறக்கட்டளைக்காரர்கள் கருங்கல் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு பழைய அண்டி ஆபீசைப் பிடித்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. ஆபீஸ் என்ற சொல்லை நம்பி, மேசை நாற்காலி இருக்கும் என்று சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மேற்பார்வையாளர் வேலைக்குப் போய் நின்றவன் நான். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கண்ணாடி நாரில் தண்ணீர்த் தொட்டி வார்த்திருந்தேன். அதனால் வாழைநாரெல்லாம் எனக்கு ஒரு விஷயமா என்ற எண்ணம் மண்டைக்குள் இருந்தது. மண்டைக்கு வெளியே ஒன்றும் கிடையாது. முப்பது வயதிலேயே எனக்கு முழு வழுக்கை. இது சொந்தச் சோகம் இல்லை, தொழில்நுட்பத் தகவல். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

வாழைநாரையும் பாலியெஸ்டர் ரெசின் பசையையும் சேர்த்துப் பலகை வார்க்க வேண்டும். அந்தப் பலகையில் வள்ளக்காரர்களின் ஐஸ் பெட்டிகளுக்கு மூடி செய்து கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம். நிர்வாகி ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரைப் பெரியசார் என்போம். எது நடந்தாலும் சிவப்பு மையில் சுற்றறிக்கை எழுதி ஒட்டுவார். பலகையை அழுத்தும் இயந்திரம் வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. கடைசியில் மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்தில் காது உடைந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கல்யானையை வாங்கி வந்தோம். ஆறு பேர் சேர்ந்து தூக்கி அந்த யானையை அச்சின்மேல் உட்கார வைப்போம், பலகை இறுகியதும் இறக்குவோம். அறிக்கையில் இதற்கு ‘நிலையான எடை அழுத்தமுறை’ என்று நான்தான் பெயர் வைத்தேன்.

நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, அதன்மேல் இருக்கும் மெழுகையும் பிசினையும் போக்கி, நன்றாக அலசிக் காயவைப்போம். அப்படிச் செய்தால்தான் ரெசின் பிடிக்கும். காய்ந்த நார் சிக்கும் சிடுக்குமாகக் கிடக்கும். அதைச் சீவி நேராக்குவதற்குத் தங்கபாய் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். தங்கபாய் அக்கா அந்த அண்டி ஆபீசிலேயே இருபது வருடம் கொட்டை உடைத்தவர். அவர் உட்காரும் இடமும் மாறவில்லை, பலகையும் மாறவில்லை, கையில் இருந்த வேலை மட்டும்தான் மாறியது. ரெசின் கலக்குவது மிக்கேல். கடற்கரைக்காரன். சுனாமியில் வள்ளம் போயிற்று, தம்பியும் போனான். அதற்குப் பிறகு அவன் கடலில் கால் வைக்கவில்லை. கோயிலுக்குப் போகும்போதுகூடக் கடலைப் பார்க்காமல் ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் போவான் என்று அவன் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள். கரையில் அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை எங்கள் வேலைதான். இதை நினைவில் வையுங்கள். கதையில் பணயமாக இருந்தது பலகை இல்லை, இவன்தான்.

முதல் மாதமே தங்கபாய் அக்கா சீவிய நாரைப் பார்த்து நான் அசந்துபோனேன். பட்டுப்போல மினுங்கிக்கொண்டு, ஒரு முடி விலகாமல் நின்றது. மற்ற இருவரையும் கூப்பிட்டு, நார் என்றால் இப்படி இருக்க வேண்டும், கொள்ளாம், ரொம்பக் கொள்ளாம் என்று சொல்லிக் கையையும் தட்டினேன். அதோடு விட்டேனா? செய்முறைக் குறிப்பில் ‘சீவிய நார் பளபளப்பாக இருத்தல் வேண்டும்’ என்று என் கையாலேயே எழுதி வைத்தேன். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் பார்க்க வந்தார். இந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று கேட்டார். எல்லாம் நம் காஸ்டிக் சோடா விகிதம்தான் சார் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். எங்காவது ஒரு புத்தகத்தில் அது இருக்குமோ என்று இன்றைக்கும் அவ்வப்போது புரட்டிப் பார்க்கிறேன்.

பலகைகள் பார்வைக்குப் பிரமாதம். ஆனால் உடைத்துப் பார்த்தால் உடைந்த விளிம்பில் நார் நீளநீளமாக, ரெசினின் ஒட்டே இல்லாமல், வெந்த மீனிலிருந்து முள்ளை உருவினதுபோல வெளியே வந்து நின்றது. அதாவது ரெசின் நாரைப் பிடிக்கவே இல்லை. எனக்கு இது தெரியும். பெரியசாருக்குத் தெரியாது. நன்கொடையாளர்கள் வந்த அன்று அவர் ஒரு பலகையை முழங்காலில் வைத்து உடைத்து, உருவி நின்ற நாரைத் தூக்கிக் காட்டி, பலகையே உடைந்தும் நார் உடையவில்லை பாருங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது என்று அப்போது நினைத்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, சொல்லவில்லை.

இரண்டே மாதத்தில் மூடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வெயிலில் வளைந்தவை, அடுக்கடுக்காகப் பிரிந்தவை. ஒரு வள்ளக்காரர் தன் மூடியைக் கொண்டுவந்து பெரியசார் மேசையில் புத்தகம்போலத் திறந்து காட்டினார். இப்போது காரணம் தேட வேண்டும். நான் தேடினேன். ஈரமானியில் தேடினேன், ரெசின் பீப்பாயில் தேடினேன், காஸ்டிக் சோடா விகிதத்தை ஏழு தரம் மாற்றினேன். எதிலும் கிடைக்காதபோது, நம்மில் பெரும்பாலோர் தேடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஆள் என்று பார்த்தேன்.

மிக்கேலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை ஊற்றியதும் கோயில் பாட்டு ஒன்றைத் தொடங்குவான். மூன்று சரணம் முடியும்வரை கிண்டுவான். அதுதான் அவனுக்குக் கடிகாரம். துக்க வெள்ளிப் பாட்டு என்றால் மெதுவாகப் போகும், பிறப்புப் பெருவிழாப் பாட்டு என்றால் சடசடவென்று முடிந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என்ன மகிழ்ச்சி தெரியுமா! கிண்டும் நேரம் ஒரே அளவாக இல்லை, அதனால்தான் ஒட்டவில்லை என்று பெரியசாரிடம் ஓடினேன். மறுநாள் காலை சிவப்பு மையில் சுற்றறிக்கை தொங்கியது. ‘ரெசின் கலக்கும் வேளையில் மெதுவான பாடல்கள் பாடுவது தடை செய்யப்படுகிறது.’ கீழே என் கையெழுத்தும் இருந்தது. மிக்கேல் அதை வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தான். அன்றிலிருந்து எங்களுக்கு எல்லா நாளும் கிறிஸ்துமஸ்தான். பலகை மட்டும் பிரிந்துகொண்டே இருந்தது.

மழை பிடித்த சமயம், தங்கபாய் அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். அவர் ஒரு வாரம் லீவில் போனார். அந்த வாரம் மற்ற இருவரும் சீவிய நார் பார்க்கச் சகிக்கவில்லை. மினுக்கம் இல்லை, தும்பு தும்பாக நின்றது, தூங்கி எழுந்த தலைபோல. அதே வாரம் பெரியசாரும் திருவனந்தபுரத்துக்குக் கண் காட்டப் போயிருந்தார். ஆள் இல்லை என்ற தைரியத்தில் மிக்கேல் பழையபடி துக்க வெள்ளிப் பாட்டுக்கு வந்துவிட்டான். வந்த பலகைகளும் சொரசொரவென்று கறுத்துக் கிடந்தன. திரும்பி வந்த பெரியசார் பலகைகளைப் பார்த்தார், பிறகு மிக்கேல் என்ன பாடினான் என்று விசாரித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பலகையையும் உடைத்துப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் கழித்துக்கட்டினேன். கலக்குபவரின் கை சரியில்லை, சொன்ன சொல் கேட்பதில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிக்கேலுக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போயிற்று. தங்கபாய் அக்கா பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். நாரும் பழையபடி மினுங்கத் தொடங்கியது.

கழித்த பலகைகளில் இரண்டை வாட்ச்மேன் எடுத்து, வாசலில் இருந்த ஒரு சாண் அகல ஓடையின்மேல் போட்டுவிட்டார். பெரியசார் ஸ்கூட்டர் தினமும் அதன்மேல்தான் ஏறி வந்தது. நானும் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். நோட்டீசின் கடைசி நாள் சனிக்கிழமை. அன்று காலையில் ரெசின் பீப்பாய் ஏற்றிய டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்தது. டிரைவர் ஓடையைக் கவனிக்கவில்லை. நான் கத்துவதற்குள் பின்சக்கரம் பலகைமேல் ஏறிவிட்டது. பலகை கொஞ்சம் வளைந்தது, சக்கரம் இறங்கியதும் நிமிர்ந்துகொண்டது. ஒரு முனை மட்டும் வெடித்திருந்தது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்து அந்த வெடிப்பைப் பார்த்தேன். நார் உருவி நிற்கவில்லை. ரெசினோடு ரெசினாக அறுந்து, குட்டையாக நின்றது. ஒவ்வொரு நாரின் உடம்பிலும் ரெசின் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக எதற்காகத் தவமிருந்தேனோ, அது என் செருப்புக்கு அடியில் கிடந்தது. அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. டெம்போ டிரைவர் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு இந்தத் தொழிலின்மேல் உள்ள மரியாதையே போய்விடும். அந்த வாரம் என்ன மாற்றம் என்று யோசித்தேன். மெதுவான பாட்டு! நேராகப் பெரியசாரிடம் ஓடி, சார், பாட்டு மெதுவாக இருந்தால்தான் ஒட்டுகிறது என்றேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘மெதுவான பாடல்கள் மட்டுமே’ என்று எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் வருகைப் பதிவைப் புரட்டினேன். அந்த ஏழு நாளும் தங்கபாய் என்ற பெயருக்கு நேரே வெறும் கோடு. பெரியசாரின் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டு, சீவுகிற கொட்டகைக்கு ஓடினேன்.

ஏழு மாதத்தில் அன்றுதான் நான் அங்கே போய்ச் சும்மா நின்று பார்த்தேன். அதற்கு முன்பு போனதெல்லாம் பாராட்டுவதற்கும் அவசரப்படுத்துவதற்கும்தான். தங்கபாய் அக்கா பக்கத்தில் இருந்த சின்னக் குப்பியைச் சாய்த்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் விட்டார். இரண்டு கையையும் தேய்த்தார். நாரை வாரி எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பெண்பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல நுனிவரை தடவினார். பிறகு சீப்பைப் போட்டார். நார் மினுங்கியது. அண்டி ஆபீசில் கொட்டைப்பால் பட்டுக் கை வெந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு எண்ணெய்க் குப்பி பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பழக்கம்தான் இது. காஸ்டிக் சோடா போட்டு மாய்ந்து மாய்ந்து நான் எடுத்த பிசுக்கை அவர் அன்போடு திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். தலையில் நாலு முடி இருக்கிறவன் எவனாவது எனக்குப் பதில் அங்கே இருந்திருந்தால் அந்த மினுக்கம் என்னவென்று முதல் நாளே கண்டுபிடித்திருப்பான்.

“எண்ண எதுக்கு அக்கா?” என்றேன்.

“காரத்துல போட்டு எடுத்த நாருல்லா சாரே. காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. எண்ண தொடாம சீவுனா அத்து அத்துப் போவும். சார் பயப்படாண்டாம், கம்பெனி எண்ணைய நான் தொட்டதில்ல. எங்க வீட்டு எண்ணயாக்கும், செக்குல ஆட்டினது.”

ஏழு மாதம் வீட்டு எண்ணெய். நான் கைதட்டியதால் மற்ற இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். அவர் இல்லாத வாரம் குப்பியும் இல்லை. இனி எண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னபோது அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பெற்ற பிள்ளையைப் பரட்டைத் தலையோடு தெருவுக்கு அனுப்பச் சொன்னதுபோல இருந்தது அவருக்கு. விளக்கினேன். நாருக்கும் ரெசினுக்கும் நடுவில் எண்ணெய் புகுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது என்றேன். அவர் குப்பியை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியசார் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் மிக்கேல் நோட்டீசில் பெயரை அடித்துவிட்டுத் தங்கபாய் பெயரை எழுதிவிடலாமே, வேறு தாள் வேண்டாம் என்றார். கொடுமைக்காரர் இல்லை, சிக்கனக்காரர். தப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பெயர் வேண்டும் அவருக்கு. மக்களே, நான் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நொடி சரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் என் ஏழு மாதச் சம்பளத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். செய்முறைக் குறிப்பை எடுத்து, பளபளப்பாக இருத்தல் வேண்டும் என்ற வரியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். இது யார் எழுத்து சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆசிரியராக இருந்தவர், எழுத்தைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிட்டது. நீர்தான் எழுதினீரா என்றார். நான்தான் என்றேன். வருகைப் பதிவை இழுத்து ஆட்களை எண்ணினார். மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டால் யானையைத் தூக்க ஆறாவது ஆள் யார் என்று கேட்டார். அப்படித்தான் என் வேலை தப்பியது. நோட்டீசைக் கிழித்தார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் மிக்கேல் மதியமே வீட்டுக்குப் போயிருந்தான். நான் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு வலை குவிந்து கிடந்தது. மாமன் மகனின் வலை. திங்கட்கிழமை அவனோடு கடலுக்குப் போவதாகப் பேசி முடித்திருந்தார்கள். மிக்கேல் வலைப்பக்கம் உட்காரவில்லை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நோட்டீசைக் கிழித்தாயிற்று, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றேன். அவன் மனைவி அந்த வலையை வாரி எடுத்துக்கொண்டு மாமன் மகன் வீட்டுக்கு நடந்தாள்.

நான் எண்ணெய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் பாதியிலேயே தலையாட்டினான்.

“எண்ணதான சாரே? எனக்கு மொத மாசமே தெரியும். ரெசின ஊத்துனா நாருமேல கண்ணு கண்ணா வெலகி நிக்கும்.”

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கதான அந்த மினுக்கத்தப் பாத்துக் கைதட்டுனிய. சாருக்குத் தெரிஞ்சுதான் எண்ண போடச் சொல்லுதாருண்ணு நெனச்சேன்.”

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அப்படியானால் உனக்கு நோட்டீஸ் கொடுத்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

“அதும் தெரிஞ்சுதான் செய்யுதியண்ணு நெனச்சேன் சாரே.”

கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னான். செய்யாத தப்புக்கு நான் தெரிந்தே அவனைக் கடலுக்கு அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் அந்தப் பதினைந்து நாளும் வேலைக்கு வந்திருக்கிறான். ஒவ்வொரு நாள் காலையிலும் என்னைப் பார்த்து எழுந்து நின்று, வணக்கம் சாரே என்று சொல்லியிருக்கிறான்.